அனர்த்தமும் ஆற்றுப்படுத்தலும்: வடக்கு கிழக்கில் சமூக உளநலச் சேவைகளின் உருவாக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

அனர்த்தங்களின் பின் உளநலச் சேவைகளை "மீளக் கட்டியெழுப்புதல்" என்னும் தொடர் கடந்த இரு தசாப்தங்களாக அரச ஆவணங்களிலும் சர்வதேச நிறுவனங்களின் அறிக்கைகளிலும் பெருவழக்குப் பெற்றுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கையொன்று, பேரழிவுகளையே வாய்ப்பாகக் கொண்டு தமது உளநலச் சேவைகளை முன்னிலும் சிறப்பாக அமைத்துக்கொண்ட பத்து நாடுகள், பிரதேசங்களின் அனுபவங்களை எடுத்துரைத்தது. அப்பத்தினுள் இலங்கையும் ஒன்று. 2004இன் ஆழிப்பேரலைக்கு முன் பத்து மாவட்டங்களில் மட்டுமே காணப்பட்ட உளநலச் சேவைக் கட்டமைப்பு, பின்னர் இருபது மாவட்டங்களுக்கு விரிந்தது என்பது அவ்வறிக்கை தரும் கணக்கு.

இக்கணக்கை நாம் மறுக்கவில்லை. ஆயின் "மீள" என்ற சிறு சொல்லிலே ஒரு வரலாற்றுக் கூற்று மறைந்து கிடக்கின்றது. முன்னர் இருந்து அழிந்த ஒன்றையே மீளக் கட்டமுடியும். வடக்கிலும் கிழக்கிலும் போருக்கும் கடல்கோளுக்கும் முன்னர் இருந்தது யாது? அழிந்தது யாது? பின்னர் கட்டப்பட்டது யாரால், யாருக்காக? இவ்வினாக்களை எழுப்பாது கட்டடங்களையும் பதவிகளையும் எண்ணிக்கொண்டிருப்போமாயின் நாம் எழுதுவது திட்ட அறிக்கையாக அமையுமேயன்றி வரலாறாக அமையாது.

இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையிற் புகுவதற்கு ஒரு நியாயமும் உண்டு. மருத்துவப் பதிவேடுகள் இத்துயரத்தைக் குறிக்கத் தொடங்குமுன்னரே அது நமது கவிதையிலும் நாடகத்திலும் பதிவாகியிருந்தது. சேவை வந்தபோது அதற்குச் சூட்டப்பட்ட பெயரும் நமது பழைய இலக்கிய வழக்கோடு தொடர்புடையதாகவே அமைந்தது. சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து செல்லும்போது நிறுவனங்களின் வரலாறும் புலப்படும் என்பது நமது எதிர்பார்ப்பு.

2

இலங்கையில் உளநோய்க்கான அரச ஏற்பாடு குடியேற்ற ஆட்சியின் விளைபொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பொரளையில் அமைக்கப்பட்ட புகலிடமும், 1873ஆம் ஆண்டின் சட்டமும், 1920களின் பிற்பகுதியில் அங்கொடையில் எழுந்த பெரும் வைத்தியசாலையும் ஒரே தர்க்கத்தின் மூன்று கட்டங்கள். அத்தர்க்கம் அடைத்துவைத்தல் என்பதாகும். காப்பிப் பெருந்தோட்டப் பொருளாதாரம் உச்சத்தை எட்டியிருந்த காலத்திலே 1873இன் சட்டம் இயற்றப்பட்டமை தற்செயலன்று என்றே நாம் கருதுகின்றோம். உழைப்புச் சந்தைக்குப் பயன்படாத உடலையும் ஒழுங்கிற்கு அடங்காத மனத்தையும் வேறுபிரித்து வைப்பதற்கு நீதவானின் கட்டளையும் மதிலும் தேவைப்பட்டன. சுதந்திரத்தின் பின்னர் சட்டத்தின் பெயர் மாறிற்று. சில பிரிவுகள் திருத்தப்பட்டன. முல்லேரியாவில் இன்னொரு வைத்தியசாலை எழுந்தது. தர்க்கம் மாறவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அங்கொடைக்கு அனுப்பப்பட்ட ஒரு தமிழ் நோயாளியின் நிலையைச் சிறிது எண்ணிப்பார்த்தல் வேண்டும். உளமருத்துவம் ஏனைய மருத்துவத் துறைகளைக் காட்டிலும் பேச்சிலே தங்கியிருப்பது. உடைந்த எலும்பைப் படம்பிடித்துப் பார்க்கலாம். உடைந்த மனத்தைக் கேட்டே அறியவேண்டும். பெரும்பான்மைத் தாதியரும் சிற்றூழியரும் வேற்றுமொழி பேசும் ஒரு விடுதியிலே அந்நோயாளியின் சொல்லுக்கு என்ன பெறுமதி இருந்திருக்கும்? "அங்கொடை" என்பது இந்நாட்டின் மக்கள் வழக்கில் ஓர் ஊர்ப்பெயராக நில்லாது வசைச்சொல்லாகவும் அச்சுறுத்தலாகவும் மாறியமையே அதற்குப் போதிய விடை.

யாழ்ப்பாணத்தில் உளநோய்ப் பிரிவொன்று முன்னரே இயங்கியதுண்டு. எனினும் உள்ளூர்ச் சேவை வளரவேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது போரே. 1983 ஆடிக் கலவரத்தின் பின் தமிழ் நோயாளி ஒருவரைத் தெற்கே அழைத்துச் செல்வது ஆபத்தான காரியமாயிற்று. 1990இல் ஏ-9 வீதி மூடப்பட்டது. 2002இன் போர்நிறுத்தம் வரை அது திறக்கப்படவில்லை. போர் நோயைப் பெருக்கியது. அதே போர் நோயாளரை அங்கொடையிலிருந்து துண்டித்து, ஊரிலே வைத்துப் பராமரிக்கும் நிர்ப்பந்தத்தையும் கொண்டுவந்தது. இம்முரணை விளங்கிக்கொள்ளாதவிடத்து 1980களின் பிற்கூறில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தவற்றைத் தனிமனிதரின் தியாகமாக மட்டுமே காண நேரிடும். தனிமனிதர் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவர்கள் தாம் தேர்ந்த நிலைமைகளிலே பணியாற்றவில்லை.

3

மருத்துவ எழுத்துக்கு முந்திய பதிவுகளை இங்கு நினைவுகூர வேண்டும். 1985இல் "மரணத்துள் வாழ்வோம்" என்ற கவிதைத் தொகுதியும் 1986இல் பெண்களின் கவிதைகளைக் கொண்ட "சொல்லாத சேதிகள்" தொகுதியும் வெளிவந்தன. 1985இல் "மண் சுமந்த மேனியர்" மேடையேறிற்று. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் "அன்னை இட்ட தீ" 1991இல் போர் தரும் உளப்பாதிப்பையே பொருளாக எடுத்துக்கொண்டது. இவற்றுக்கும் முன்னர், 1984இல், கைதுசெய்யப்பட்ட இளைஞரை விடுவிக்கக் கோரி யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டனர். நித்திரையின்மை, பெருமூச்சு, நெஞ்சிடி, பசியின்மை என்று பின்னாளில் வினாக்கொத்துகள் தேடிய குறிகள் யாவற்றையும் இத்தாய்மார் கொண்டிருந்தனர் என்பதை ஊகிப்பது கடினமன்று. எனினும் அவர்கள் எவரும் தம்மை நோயாளர் என அறிமுகஞ்செய்யவில்லை. கச்சேரிக்கு ஊர்வலமாகச் சென்றனர். தனிப்பட்ட துயரம் பொதுக்கோரிக்கையாக மாறும் இடம் இதுவே.

1987 இரு நிகழ்வுகளால் நினைவிற்குரியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் வைத்தியசாலையினுள் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் தாதியரையும் கொன்றனர். அழிவின் பின் மக்களைப் பராமரிக்க வேண்டிய நிறுவனமே அழிவின் களமாயிற்று. அதே ஆண்டிலே உளவளத்துணைக்கான "சாந்திகம்" யாழ்ப்பாணத்தில் ஆரம்பிக்கப்பட்டது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் "முறிந்த பனை" (1990) நூலின் நான்கு ஆசிரியருள் ஒருவர். மற்றோர் ஆசிரியரான ராஜனி திராணகம 1989 செப்ரெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்டார். சோமசுந்தரத்தின் தமிழ்நூலாகிய "மனவடு" 1993இல் வெளிவந்தது. போரின் உளத்தாக்கத்தை மருத்துவ நோக்கிற் பேசும் நூல் தமிழிலே, யாழ்ப்பாணத்து வாசகருக்கென, போரின் நடுவே எழுதப்பட்டமை சாதாரண நிகழ்வன்று. "வடு" என்ற சொல்லின் தெரிவும் கவனத்திற்குரியது. புண் ஆறலாம்; வடு நிலைத்திருக்கும். பழந்தமிழில் வடு என்பது பழியையும் குறிக்கும். நோயின் பெயருக்குள்ளே பழியின் கேள்வி, அதாவது யார் இதற்குப் பொறுப்பு என்ற கேள்வி, ஒட்டிக்கொண்டே நிற்கிறது.

1995 ஒக்டோபர் 30இன் வலிகாம இடப்பெயர்வு இச்சேவையின் தன்மையை மாற்றிற்று. ஓரிரவில் பல இலட்சம் மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். வைத்தியரும் நோயாளரும் தொண்டரும் ஒரே வீதியில் ஒரே மழையில் நின்றனர். வைத்தியசாலை விடுதியை மையமாகக் கொண்ட சேவை அந்நிலையில் இயலாது. ஆசிரியர், கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், மதகுருமார், தொண்டர் ஆகியோருக்கு அடிப்படை உளநல அறிவைப் புகட்டும் முறை முதன்மை பெற்றது. உலக சுகாதார நிறுவனமும் அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகமும் வெளியிட்ட கைந்நூலைத் தழுவி, சோமசுந்தரமும் சா. சிவயோகனும் "தமிழ் சமுதாயத்தில் உளநலம்" என்னும் நூலை ஆக்கினர். 2000ஆம் ஆண்டளவில் அது பயிற்சிகளுக்கான பாடநூலாயிற்று. தழுவல் என்று கூறினும் பேய்பிடித்தல், நாவூறு, நேர்த்தி, செபமாலை, சிக்கிர் முதலியவற்றோடு உரையாட வேண்டிய இடத்திலே எழுதப்பட்ட நூல் அது. ஆழிப்பேரலைக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே இதற்கான பயிற்றப்பட்டோரும் பாடநூலும் சொற்களும் இங்கு இருந்தன என்பதை அழுத்திக் கூறல் வேண்டும். 2005இல் விமானத்தில் வந்திறங்கியவருள் அநேகர் இதனை அறிந்திருக்கவில்லை.

4

உளவளத்துணை என்பதற்கு ஈழத்துத் தமிழில் வழங்கும் இன்னொரு சொல் ஆற்றுப்படுத்தல். இச்சொல் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம்.

ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ பொருநனோ, வறுமையுற்று எதிர்ப்படும் தன்னொத்த கலைஞனை, தான் பெற்ற வள்ளலிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே இப்பாணர் மரபின் சமூக அடித்தளத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். மறுபுறம் ஆற்றுதல் என்பது தணித்தல். சூட்டை ஆற்றுதல், பசியை ஆற்றுதல், துயரை ஆற்றுதல். நவீனச் சொல்லை ஆக்கியோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே எண்ணியிருத்தல் கூடும். துயரைத் தணித்து வழிகாட்டுதல் என்ற விளக்கம் அழகானதே.

ஆனால் பழைய ஆற்றுப்படையிலே ஒரு நுட்பம் உண்டு. அங்கு வழிகாட்டுபவன் மேலிருந்து பேசுபவன் அல்லன். நேற்றுவரை அவனும் பசித்திருந்தவன். அதே தொழில், அதே பாதை. அவன் சொல்லுக்கு வலுத் தருவது அவன் பட்டறிவு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் 1990களில் இயங்கிய தொண்டர்கள் இந்தப் பொருளிலே உண்மையான ஆற்றுப்படுத்துநர். இடம்பெயர்ந்தவர் இடம்பெயர்ந்தவரோடு பேசினர். மட்டக்களப்பில் 1990களின் முற்பகுதியிலிருந்து இயங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா ஆகியவற்றின் பணியிலும் இப்பண்பைக் காணலாம்.

ஆற்றுப்படையின் மற்றைய பக்கத்தையும் மறைக்கலாகாது. பாணன் தன் தோழனை எங்கே அனுப்புகிறான்? புரவலனிடம். வறுமைக்குக் காரணம் எது என்று பாட்டு வினவுவதில்லை. வள்ளலின் வாயில் எங்கே என்றே கூறுகிறது. 2005இன் பின்னர் நன்கொடையாளரின் வாயில்களுக்கு மக்களை வழிப்படுத்தும் ஆற்றுப்படைகள் நம் கரையோரமெங்கும் இயற்றப்பட்டன. அவை செய்யுளில் எழுதப்படவில்லை. முன்மொழிவுப் படிவங்களில் எழுதப்பட்டன.

5

2004 டிசெம்பர் 26இல் இலங்கையில் 35,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டமே மிகக் கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது. முல்லைத்தீவு நகரும் மட்டக்களப்பின் கரையோரக் கிராமங்களும் சிதைந்தன. கிழக்கிலே கடல் கொண்டவருட் பலர் ஏற்கெனவே போரால் ஒருமுறையேனும் இடம்பெயர்ந்தவர்.

அடுத்த சில வாரங்களுக்குள் வந்தோர் தொகை பெரிது. உடனடி உளச்சிகிச்சையாளர், பொம்மை கொண்டு விளையாட்டுச் சிகிச்சை செய்வோர், மூன்று நாளில் உளவளத்துணையாளரை உருவாக்குவோர், வினாக்கொத்துடன் வந்த ஆய்வாளர் எனப் பல திறத்தினர். அலை அடித்து மூன்று நான்கு வாரங்களுக்குள், பாதிக்கப்பட்ட மூன்று கரையோரச் சமூகங்களின் சிறுவரிடையே ஆய்வொன்று மேற்கொள்ளப்பட்டது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 14 முதல் 39 சதவீதம் வரை காணப்பட்டதென 2006இல் அது அறிவித்தது. எண்கள் பிழையென நாம் கூறவரவில்லை. வீடில்லாத, தாயை அல்லது தந்தையை இழந்த பிள்ளைக்கு நான்காவது வாரத்தில் நித்திரை வராமை நோயா, நியாயமா என்பதே கேள்வி. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அறிஞர் குழுவொன்று அப்போதே ஓர் எச்சரிக்கையை விடுத்தது: உயிர்தப்பியோரின் அனுபவத்தை வெறும் உளநலப் பிரச்சினையாகக் குறுக்க வேண்டாம், அவர்களை உள ஊனமுற்றோராக நடத்த வேண்டாம். நமது புலமை மரபு பெருமைப்படத்தக்க தலையீடுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

மட்டக்களப்பிலே நிலைமை சற்று வேறாக அமைந்தது. அங்கு கடமையாற்றிய உளமருத்துவர் மகேசன் கணேசன் ஏற்கெனவே சமூக மட்டத்திற் கட்டியிருந்த சேவை ஒன்று இருந்தது. உள்ளூர் அமைப்புகள் கூடி "மங்குரோவ்" என்னும் இணைப்பு வலையமைப்பை உருவாக்கி, வருவோரை நெறிப்படுத்த முயன்றன. கண்டல் மரத்தின் ஆங்கிலப் பெயர் அது. கரையைப் பற்றி நின்று அலையின் வேகத்தைத் தணிக்கும் தாவரத்தின் பெயரைத் தெரிந்தவர்கள், எந்த அலையை மனங்கொண்டு அதனைத் தெரிந்தனர் என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு. யாழ்ப்பாணத்திலும் அனர்த்த உளநலச் செயலணி ஒன்று இயங்கிற்று. முன்பே வேர்விட்டிருந்த சேவை இருந்த இடங்களிலே வந்த நிதி பயன்பட்டது. வேரில்லாத இடங்களில் அது பதாகைகளாகவும் பயிற்சிச் சான்றிதழ்களாகவும் உலர்ந்தது.

அரச மட்டத்தில் விளைந்த நன்மையையும் கூறியாதல் வேண்டும். 2005 ஒக்டோபரில் அமைச்சரவை 2005–2015 காலத்துக்கான உளநலக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. மாவட்டந்தோறும் உள்நோயாளர் பிரிவு, சமூக உளநல நிலையங்கள், உளநலத்துக்கென நியமிக்கப்படும் மருத்துவ உத்தியோகத்தர் என அக்கொள்கை வகுத்த பாதை அங்கொடையின் தர்க்கத்திலிருந்து விலகியது. அங்கொடை வைத்தியசாலையே 2008இல் தேசிய உளநல நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. அதேவேளை புதிய கொள்கையின் கீழ் 1873இன் சட்டமே திருத்தங்களோடு நடைமுறையிலிருந்தது. பழைய அடித்தளத்தின் மேற் புதிய மேற்கட்டுமானம் என்று வேடிக்கையாகக் கூறலாம். மார்க்சியச் சொற்களை இவ்வாறு தலைகீழாகப் பயன்படுத்துவது முறையன்று என்பதை நாமும் அறிவோம்.

இங்கு நாம் காணும் முக்கிய வேறுபாடு ஒன்றுண்டு. சுகாதார அமைச்சின் நிரந்தர ஆளணியில் இடம்பெற்ற பதவிகள், குறையோடேனும், நிலைத்தன. நன்கொடைப் பணத்தில் ஒப்பந்தமாக அமர்த்தப்பட்ட சமூகமட்ட ஊழியர் பலரின் பதவி செயற்றிட்டத்தோடு முடிந்தது. கிராமத்திலே வீடு வீடாகச் சென்று, மருந்தை நிறுத்திவிட்ட நோயாளியை மீண்டும் கிளினிக்குக்கு அழைத்துவந்த பெண்ணின் வேலை "திட்டம்" எனப்பட்டது. நகரத்து விடுதியின் சுவர் "சேவை" எனப்பட்டது. உளச்சிதைவு நோயுடையவருக்கு மாதந்தோறும் ஓர் ஊசி தவறாது கிடைக்கவேண்டும். அது தவறின் அவர் மீண்டும் நோயுறுவார், குடும்பம் அவரைக் கட்டிவைக்கும், அயலார் அடிப்பர். மனவடு என்ற சொல் மேடையேறிய காலத்தில் இந்நோயாளர் நிதியாளரின் கண்ணிற் படவில்லை. அனர்த்தத்துக்கு முன்னரும் இவர்கள் நோயாளரே. ஆதலால் அனர்த்தக் கணக்கில் வரவில்லை.

வரட்டுத்தனமான மார்க்சியம் ஒன்று இங்கு தலைகாட்டுவதுண்டு. காணியும் தொழிலும் கிடைத்தால் மனநோய் தானே தீரும் என்பது அதன் வாதம். ஊசிமருந்து பெறும் அந்நோயாளியின் முன்னிலையில் அவ்வாதம் நில்லாது. பிரான்ஸ் ஃபனான் அல்ஜீரியாவின் பிளிடா வைத்தியசாலையில் 1953 முதல் மூன்றாண்டுகள் பணியாற்றியவர். குடியேற்ற ஒடுக்குமுறையே நோயின் விளைநிலம் என்பதை அவரினும் அழுத்தமாகக் கூறியவர் இலர். அவரும் விடுதியில் இருந்த நோயாளிக்கு மருத்துவம் செய்தார்.

6

"சமூக உளநலம்" என்ற தொடரில் உள்ள சமூகம் எது? அறிக்கைகளிலே அது ஒருமித்த, அன்பு நிறைந்த, கோயிலையும் குடும்பத்தையும் சுற்றியமைந்த ஒன்றாகச் சித்திரிக்கப்படுகின்றது. போர் அதனைச் சிதைத்தது, இனி அதனை மீட்டெடுக்க வேண்டும் என்பர். சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த "கூட்டு மனவடு" என்ற கருத்து, தனிமனித நோயிலிருந்து கூட்டு உறவுகளின் சிதைவிற்குக் கவனத்தைத் திருப்பிய முன்னேற்றம் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. நம்பிக்கையின்மை, மௌனம், தலைமையின் அழிவு என்பவற்றை நோயாளியின் தலைக்குள் தேடாது சமூகத்திலே தேடியது அது. எனினும் சிதையுமுன் இருந்த சமூகம் யாருக்கு ஆறுதல் தந்தது என்ற கேள்வி எஞ்சுகிறது.

வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருள் வசதியுள்ளவர் கொழும்புக்கும் கடல்கடந்தும் சென்றனர். உறவினர் காணியுள்ளவர் அங்கு குடியமர்ந்தனர். ஆண்டுக்கணக்காக முகாம்களில் எஞ்சியோருட் பெரும்பாலோர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏறக்குறைய 75,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. அவர்களுள் பெரும்பான்மையோர் புத்தளத்து முகாம்களிலே தலைமுறை கடந்தனர். யாழ்ப்பாணத்தின் சமூக உளநலம் பற்றிப் பேசும்போது அவர்களின் மனவடு எந்த மாவட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது? பெண்ணின் நிலையும் அவ்வாறே. கணவனை இழந்தவளை அமங்கலி என ஒதுக்கும் சடங்குமுறைமை, "பண்பாட்டு ஆதரவு" என்ற தலைப்பின் கீழ் அறிக்கையில் இடம்பெறும்போது நாம் சற்று நிதானிக்க வேண்டும்.

சடங்கின் பயனை மறுப்பது நமது நோக்கமன்று. மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 1990களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களை ஆராய்ந்து, காணாமற்போனோர் பற்றி உறவினர் கேட்கும் கேள்விகளுக்குத் தெய்வமாடுவோர் வாக்குச் சொல்லியதைப் பதிவுசெய்தார். பகிரங்கத்திலே பேசமுடியாதது தெய்வத்தின் வாயால் பேசப்பட்டது. எந்த ஆலோசனை நிலையத்திலும் அன்று அது சாத்தியமன்று. வடக்கின் நிலைமை இன்னும் கொடியது. அந்தியேட்டிக்கும் ஆடி அமாவாசைப் பிதிர்க்கடனுக்கும் குடாநாட்டுச் சைவர் செல்லும் கீரிமலை, போர்க்காலத்தின் பெரும்பகுதியில் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டிருந்தது. இறந்தவரை வழியனுப்புவதற்கு இச்சமூகம் பல நூற்றாண்டுகளாகப் பேணிவந்த இடம் முட்கம்பிக்கு அப்பால் இருந்தது. இழந்த உளநலச் சேவை எது என்று கேட்டால் ஒருவகையில் இதனையும் சொல்லவேண்டும். கட்டட அழிவுகளின் பட்டியலில் இது இல்லை.

7

2005 யூன் 24இல் ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. யூலை 15இல் உயர்நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என வகுக்கப்பட்ட தடைவலயம் மீனவரைக் கடலிலிருந்து பிரித்தது. பின்னர் போர் மீண்டது. 2009 மே மாதம் அது முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவின் மெனிக்பாம் முதலிய முகாம்களிலே முட்கம்பிக்குள் இருந்தனர்.

இவ்விடத்திலே 2005இற்கும் 2009இற்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். கடல் கொன்றபோது அழுவதற்கு அரசு தடைசெய்யவில்லை. உளவளத்துணைக்குக் கதவுகளைத் திறந்துவிட்டது. மனிதர் கொன்றபோது நிலைமை வேறு. வடக்கின் மீள்கட்டுமானத்திற்குப் பொறுப்பான சனாதிபதிச் செயலணி, வீதிக்கும் கட்டடத்திற்கும் அனுமதி அளித்த வேகத்தில் உளசமூகப் பணிகளுக்கு அனுமதி அளிக்கவில்லை. பல நிறுவனங்கள் தம் உளவளத்துணைப் பணியைக் கைவிட அல்லது வேறு பெயரில் நடத்த நேர்ந்தது. காரணம் விளங்கக்கூடியதே. ஆற்றுப்படுத்தல் என்பது கேட்டல். கேட்கப்படும் கதை சாட்சியமாக மாறிவிடலாம். ஆழிப்பேரலையில் நோயாளி சொல்லும் கதையிலே குற்றவாளி இல்லை; முள்ளிவாய்க்காற் கதையில் உண்டு. எல்லாத் தரப்பினரும் அக்கதைக்கு அஞ்சினர் என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். பிள்ளையைப் பலவந்தமாகப் படையிற் சேர்த்தோரும் அதனை விரும்பார். துயிலுமில்லங்கள் இடித்து நிரவப்பட்டன. 2021 சனவரி 8இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டு, மாணவரின் போராட்டத்தின் பின் மீண்டும் எழுப்பப்பட்டது.

2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றின்படி, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் குறிகள் 7 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. கடந்துபோன ஒரு கணத்தின் அதிர்ச்சி சிறுபங்கு. நாளை என்ன நடக்கும் என்ற ஏக்கமும், ஒன்றும் நடவாது என்ற சோர்வும் பெரும்பங்கு. பதகளிப்பு, சோர்வு இரண்டும் கடந்தகாலத்தை விட நிகழ்காலத்திலே வேர்கொண்டவை. காணி விடுவிக்கப்படவில்லை, தொழில் இல்லை, வங்கிகளும் நுண்கடன் நிறுவனங்களும் மாத்திரம் வீதி திறந்த கையோடு வந்து சேர்ந்தன. பெண் தலைமைக் குடும்பங்களின் வாசலிலே வாரந்தோறும் வசூலிப்பவர் வந்து நின்றார். 2018இல் அரசு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுடைய ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை நீக்குவதாக அறிவிக்கவேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. அவ்வசூலிப்பவர் தரும் நெஞ்சிடிக்கு எந்தப் பெயரைச் சூட்டுவது?

தற்கொலை பற்றிய ஒரு தரவு இங்கு பயன்படும். 1990களின் நடுவில் உலகிலேயே உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்றை இலங்கை கொண்டிருந்தது. 1995இலிருந்து அடுத்த பத்து ஆண்டுகளில் அவ்வீதம் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. அதற்குப் பெருங்காரணமாக ஆய்வாளர் காண்பது மிகக் கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையாகும். உளவளத்துணை நிலையம் ஒன்றேனும் இல்லாத கிராமங்களிலும் அது உயிர்களைக் காத்தது. சுங்கத் திணைக்களத்தின் கட்டளையொன்றை உளநலச் சேவை எனக் கொள்ளலாமா என்று கேட்போர் கேட்கட்டும், நாம் கொள்வோம்.

சோமசுந்தரமும் சிவயோகனும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, வடக்கிலே சமூகத்தின் தாங்குதிறனை மீளக் கட்டுவது பற்றிப் பாதிக்கப்பட்டோரிடமும் களப்பணியாளரிடமும் கேட்டறிந்து எழுதப்பட்டது. தனிமனித ஆலோசனையோடு குடும்பம், பெண்கள் குழுக்கள், வாழ்வாதாரம், கலைகள், சடங்கு, நினைவுகூரல் ஆகியவற்றையும் ஒரு சேவையின் பகுதிகளாகக் காணும் அப்பார்வை அனுபவத்தில் முதிர்ந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் விடயத்திலே அப்பார்வையும் ஓர் எல்லையை எதிர்கொள்கிறது.

2016இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்திருத்தம், காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக இன்மைச் சான்றிதழ் வழங்க வழிசெய்தது. இறந்தார் எனக் கூறாது, இல்லை என மட்டும் கூறும் தாள் அது. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் வந்தது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். ஏனைய மாவட்டங்களிலும் அது பரவியது. அவர்களுட் பலர் விடையறியாமலே இறந்துபோயினர். துயரத்தை ஏற்று முன்செல்லுமாறு ஆற்றுப்படுத்தும் எவருக்கும் அவர்கள் இணங்கவில்லை. பிள்ளை இறந்ததென ஏற்பது அவர்களுக்குக் குணமடைதல் அன்று, வழக்கை மீளப்பெறுதல். 1984இல் கச்சேரிக்குச் சென்ற தாய்மாரைப் போலவே இவர்களும் கேட்பது ஒரு பெயர்ப்பட்டியலை: இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர் யார், அவரைப் பொறுப்பேற்ற அதிகாரி யார், எங்கே கொண்டுசென்றார். உளமருத்துவர் அவர்களுக்கு நித்திரைக்கு மாத்திரை கொடுக்கலாம், சிலர் பெற்றுக்கொள்கின்றனர். பகலில் மீண்டும் கொட்டகைக்கு வந்து அமர்ந்தனர், புகைப்படத்தை மடியில் வைத்தபடி.